வடசென்னையில் பூச்சிமருந்து, உரக் குடோன்களுக்குத் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரம், வடபெரும்பாக்கம், மணலி, விச்சூர், செங்குன்றம், மீஞ்சூர் வட்டாரத்தில் பூச்சிமருந்தும் உரமும் இருப்பு வைக்கும் மொத்த வியாபாரிகள், டீலர்கள், குடோனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது.

அரசு ஆய்வாளர்தான் வருகிறாரே, தன்னார்வ ஆய்வு தனியாக எதற்கு?

இரண்டும் பார்ப்பது வேறு வேறு. பூச்சிக்கொல்லி ஆய்வாளர் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வருகிறார். உரிமம், இருப்புப் பதிவேடு, காலாவதிச் சரக்கு, மாதிரி எடுத்தல் ஆகியவற்றில்தான் அவர் கவனம் முதலில் போகும். உர ஆய்வாளர் வருவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி. அவரும் பெரும்பாலும் தரத்தையும் கணக்கையும்தான் பார்ப்பார்.

தன்னார்வ ஆய்வு நீங்களே ஒரு வல்லுநரை அழைத்துச் செய்துகொள்வது. இனி இந்தப் பக்கத்தில் 'ஆய்வாளர்' என்பது இந்த வல்லுநரைத்தான். இன்றிரவு இங்கே தீப்பிடித்தால், டிரம் உடைந்தால், முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால் என்ன நடக்கும் என்பதே அதன் கேள்வி. உரிமம் சரியாக இருக்கும் குடோன்கூட இந்தக் கேள்வியில் தோற்கலாம்.

எங்கள் பகுதிக்கு இது அவ்வளவு அவசியமா?

மிகவும் அவசியம். சுங்கத் துறை 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட், மணலிக் கிடங்கில் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அது இங்கிருந்து அகற்றப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில் மாதவரத்தில் ஒரு ரசாயனக் குடோன் பெருந்தீயில் எரிந்தது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். இந்தப் பக்கம் பல இடங்களில் குடோனுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது. உங்கள் தவறின் விலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் கொடுக்க வேண்டியிருக்கும்.

யாரை அழைக்கலாம்?

தொழிலகப் பாதுகாப்பில் பட்டயம் பெற்று, ரசாயனக் கிடங்குகளைப் பார்த்த அனுபவமும் உள்ளவரை அழையுங்கள். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் பாதுகாப்புத் தணிக்கை செய்கிறது. தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் முடித்த பலர் சென்னையிலேயே பணியில் இருக்கிறார்கள். தணிக்கையை ஐ.எஸ். 14489 என்ற இந்தியத் தரநிலையின் முறைப்படி செய்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். பூச்சிமருந்துக் கம்பெனிகளின் தொழில்நுட்ப அலுவலர்களும் உதவுவார்கள். ஆனால் தங்கள் சரக்கைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு, பக்கத்து அட்டியில் (மூட்டை அடுக்கில்) இருக்கும் மற்றக் கம்பெனிச் சரக்கைப் பற்றித் தெரியாது.

தீயணைப்பான் விற்பவர் இலவசமாகச் செய்து தரும் 'ஆய்வு' பெரும்பாலும் தீயணைப்பான்களை எண்ணுவதோடு முடிந்துவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது?

ஆகஸ்ட். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆய்வில் தெரியும் குறைகளில் பாதி, தரை, கூரை, வடிகால் சம்பந்தப்பட்டவையாகத்தான் இருக்கும். கொத்தனாரும் வெல்டரும் வேலையை முடிக்க ஆறு வாரமாவது வேண்டும். சம்பாப் பருவத்துக்கான சரக்கு வந்து இறங்கிவிட்டால் தரையும் கண்ணுக்குத் தெரியாது. மார்ச்சில் வைத்துக்கொண்டால் வெப்பம் பற்றிய குறைகள் தெரியும், ஒழுகல் தெரியாது.

அதற்கு முன்னால் நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில் இருப்புப் பட்டியல். பெயர், ரகம், அளவு, தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம் ஆகியவை வரிசைவாரியாக இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கடும் நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. நிறம் நஞ்சின் அளவைத்தான் சொல்லும், தீப்பிடிக்கும் தன்மையைச் சொல்லாது என்பதை மறக்கக் கூடாது. பச்சை முக்கோணச் சரக்கும் நன்றாக எரியலாம்.

அடுத்து ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள், அதாவது அதன் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் தாள். கம்பெனியிடம் கேட்டால் தருவார்கள். பிறகு கையால் வரைந்த குடோன் வரைபடம்: கதவு, ஷட்டர், சுவிட்ச் போர்டு, வடிகால் துளை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் வேண்டும். உரிமத்தில் குறிப்பிட்டுள்ள இருப்பு முகவரியும் சரக்கு உண்மையில் இருக்கும் முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். அவசரத்துக்கு வாடகைக்கு எடுத்த இரண்டாவது குடோன் உரிமத்தில் ஏறாமலே இருப்பது இங்கே அடிக்கடி காணும் குறை.

ஆய்வுக்காகக் குடோனைக் கழுவி அடுக்கி வைக்காதீர்கள். வழக்கமான நாளில் எப்படி இருக்குமோ அப்படியே காட்டினால்தான் பணம் கொடுத்ததற்குப் பலன்.

எதை எதோடு வைக்கக் கூடாது?

விபத்துகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றிகளான (மற்றப் பொருள் எரிவதைத் தூண்டும்) பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் போன்ற நீரில் கரையும் உரங்களைக் கந்தகத் தூளோடும் ஈ.சி. வகைப் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் எண்ணெய்த் திரவ) பூச்சிமருந்துகளோடும் வைக்கக் கூடாது. ஈ.சி. திரவங்களில் சைலீன் போன்ற எரியும் கரைப்பான் இருக்கிறது. கந்தகமும் நைட்ரேட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிக்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் 'தோட்டப்பயிர் சரக்கு' என்று ஒரே ரேக்கில் அடுக்குகிறார்கள்.

மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லித் தூள் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். எரியக்கூடிய நச்சு வாயுவையும் விடும். கிழிந்த மூட்டையை மழைச்சாரல் படும் ஷட்டர் பக்கம் வைத்தால், தீ வைக்க ஆள் வர வேண்டியதில்லை.

பிளீச்சிங் பவுடர் இங்கே தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. வெள்ளம் வடிந்ததும் எல்லா இடத்திலும் அதைத் தூவுவது நம் பழக்கம். யூரியா சிந்திய ஈரத் தரையில் தூவினால் இரண்டும் வினைபுரிந்து நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகலாம். உரக் குடோனுக்குள் பிளீச்சிங் பவுடரே வேண்டாம்.

2,4-டி எஸ்டர் போன்ற களைக்கொல்லிகளின் ஆவி விதையைக் கெடுக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் அவற்றை விதையோடு வைக்காதீர்கள். தூளும் குருணையும் மேல் தட்டில், திரவம் கீழ்த் தட்டில். திரவம் மேலே இருந்து ஒழுகினால் கீழே உள்ள அத்தனையும் வீண்.

தானியப் பூச்சியைக் கொல்லும் செல்பாஸ் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அதற்குத் தனி விதி உண்டா?

உண்டு. இந்த மாத்திரைகளில் உள்ள அலுமினியம் பாஸ்பைடு, ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து ஏறக்குறைய 1 கிராம் வாயு வரும். அதற்கு முறிமருந்து கிடையாது. அடர்த்தி கூடினால் தானாகவே தீப்பற்றும். இதைத் தரையிலிருந்து உயரத்தில், பூட்டிய இரும்பு அலமாரியில், சுவர் ஈரம் ஏறாத பக்கத்தில் வையுங்கள். ஆள் உட்காரும் அறையோ படுக்கும் இடமோ சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. அலமாரிக் கதவில் 'தண்ணீர் ஊற்றாதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். பல குடோன்களில் சுமை தூக்குபவர்கள் வடமாநிலத்தவர். தீப்பிடித்தால் உலர்ந்த மணலும் உலர் ரசாயனத் தூளும்தான்.

துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் பாஸ்பீனைத் தடுக்காது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வந்தால் உள்ளே போகாமல் கதவை விட்டு விலகி நின்று 101-ஐ அழையுங்கள். வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றி ஆய்வாளர் ஏன் இவ்வளவு கேட்கிறார்?

வடசென்னைக் குடோனில் முதல் கேள்வியே தண்ணீர்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், புழல் உபரிநீர் ஆகியவை சேரும் தாழ்வான நிலம் இது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த உயரம் ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அந்த அளவைக் குடோன் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். நீர்பட்டால் வினைபுரியும் சரக்கு, சிவப்பு முக்கோணச் சரக்கு, தூள் மூட்டைகள் மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலே குறைந்தது ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். மற்றச் சரக்கின் டிரம்களைத் தரையில் வைக்கலாம். ஆனால் காலி டிரம் மிதக்கும், மிதந்து போய் ரேக்கை இடிக்கும். எனவே அதைக் கயிற்றால் கட்டி வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு மூட்டை தூக்க ஆள் கிடைக்காது. மழைக்காலம் முழுவதும் சரக்கு அந்த உயரத்திலேயே இருக்கட்டும்.

தரையும் தடுப்பும் எப்படி இருக்க வேண்டும்?

விரிசல் இல்லாத, மெழுகிய சிமென்ட் தரை. மேலே எபாக்சி பூச்சு இருந்தால் நல்லது. மண் தரையும் செங்கல் தரையும் சிந்தியதைக் குடித்துவிடும். உள்ளே மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குப் போகும் துளை இருந்தால் உடனே அடையுங்கள். ஆய்வில் கிடைக்கும் மிக மலிவான, மிகப் பெரிய திருத்தம் இதுதான்.

வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் மேடு கட்டி, டிராலி ஏறி இறங்க இருபுறமும் சரிவு கொடுங்கள். 8 மீட்டருக்கு 5 மீட்டர் அறையில் இந்த மேடு 6,000 லிட்டர் வரை தேக்கும். அடுக்கிய பேலட்டும் டிரம்மும் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். மிகப் பெரிய பாத்திரத்தின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது பொது வழக்கு. 200 லிட்டர் டிரம்முக்கு 220 லிட்டர். சிந்தலுக்கு இந்த மேடு தாராளமாகப் போதும்.

தீயணைப்புத் தண்ணீருக்குப் போதாது. ஒரே ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லிட்டர் பீய்ச்சினால் 15 நிமிடத்தில் அறை நிரம்பி வழியும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே வேளாண் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, அணைத்த தண்ணீர்தான் மருந்தையெல்லாம் ரைன் நதிக்குக் கொண்டுபோனது. நதி சிவந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் விலாங்கு மீன்கள் செத்தன. நம் பக்கம் அந்தத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கும் மீனவர் வலைக்கும் போகும். ஆகவே வளாகத்தின் வெளி வாசலிலும் மணல் மூட்டை போட்டு அடைக்க ஏற்பாடு வேண்டும். வடிகால் மூடி எங்கே இருக்கிறது என்பது காவலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் மட்டும்தான். ஆய்வு தேவையா?

தேவை, ஆனால் சுருக்கமாகப் போதும். அட்டி சரிந்து ஆள் மாட்டிக்கொள்வதும், ஈரத்தில் மூட்டை கட்டிபிடிப்பதும், உர உப்பு ரேக்கின் இரும்பை அரிப்பதும்தான் உங்கள் பெரிய ஆபத்துகள். அட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விடுங்கள். நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை மூட்டைகளைக் குறுக்காகப் போட்டுப் பூட்டுங்கள்.

அமோனியம் நைட்ரேட் விஷயம் வேறு. 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். அது இருந்தால் சாதாரணத் தன்னார்வ ஆய்வோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அதில் தீப்பிடித்தால் நுரையோ தூளோ போர்வையோ பயன்படாது, ஏனென்றால் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்திலேயே ஏராளமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் அந்த இடத்தை விட்டு வெகுதூரம் போய்விட வேண்டும்.

தகரக் கூரை, மே மாத வெயில். என்ன செய்வது?

அட்டியின் உச்சிக்கும் கூரைக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். காற்றுத் துளைகளைத் தரையை ஒட்டிப் பாதியும் கூரையை ஒட்டிப் பாதியும் வையுங்கள். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். மொத்தத் துளைப் பரப்பு தரைப்பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்காவது இருக்கட்டும். கீழ்த் துளைகள் வாசல் மேட்டைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தேங்கும் மருந்து அந்த வழியாகவே வெளியேறிவிடும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது மலிவு. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற உயிர் மருந்துகளை இந்தக் குடோனில் வைக்கவே வேண்டாம், வெப்பத்தில் உயிரணு செத்துப்போன தூளைத்தான் விவசாயிக்கு விற்பீர்கள்.

மின் இணைப்பில் எதைப் பார்ப்பார்கள்?

முதன்மைச் சுவிட்ச் வெளியே இருக்கிறதா, பூட்டும்போது அணைக்கிறார்களா, வயர் குழாய்க்குள் போகிறதா, விளக்கு அட்டிக்கு மேலே இல்லாமல் நடைபாதைக்கு மேலே இருக்கிறதா. குடோனுக்குள் போன் சார்ஜ் போடும் பிளக் இருந்தால் எடுக்கச் சொல்வார்கள்.

மருந்து சிந்தினால் கையில் என்ன இருக்க வேண்டும்?

வாசலுக்கு வெளியே, பூட்டாத பெட்டியில்: உலர்ந்த மணல் 50 கிலோ, பிளாஸ்டிக் முறம், நீண்ட கைப்பிடித் துடைப்பம், மூடியுள்ள காலி டிரம் ஒன்று, கனமான நைட்ரைல் கையுறை, ரப்பர் பூட்ஸ், ஏப்ரன், கண்ணாடி, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுக மாஸ்க். கார்ட்ரிட்ஜின் காலாவதித் தேதியைப் பாருங்கள். உறை பிரித்து மாதக்கணக்கில் கிடந்தது உதவாது.

மணலைச் சுற்றி வளையமாகப் போட்டுப் பரவுவதை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து உள்நோக்கிக் கூட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் எல்லோரும் செய்வது, செய்யவே கூடாததும் அதுதான். மரத்தூளை ஈ.சி. திரவத்துக்குப் பயன்படுத்தலாம், நைட்ரேட் உரம் கிடக்கும் இடத்தில் கூடாது. அள்ளிய மணல் அபாயக் கழிவு, குப்பைத் தொட்டிக்கு அல்ல.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். லேபிளோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ 108-இல் அனுப்புங்கள். தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

காலாவதிச் சரக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. அது ஆய்வில் பிரச்சினையாகுமா?

மூலையில் கிடப்பதுதான் பிரச்சினை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 10-ஏ பிரிவுப்படி, காலாவதியான உடனே சரக்கைப் பிரித்து, 'விற்பனைக்கு அல்ல' என முத்திரையிட்டு, பலகை வைத்த தனியிடத்தில் வைக்க வேண்டும். முதலில் கம்பெனியிடம் திருப்பி அனுப்பப் பேசுங்கள். முடியாவிட்டால் அது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இதற்கான பொதுக் கழிவு மேலாண்மை நிலையம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிமுறைப்படி அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். காலிக் கேன்களைப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். அவை தண்ணீர்க் கேனாக ஏதோ ஒரு வீட்டுக்குள் போகும். மூன்று முறை அலசி, அடியில் துளையிட்டு, கழிவோடு அனுப்புங்கள்.

பக்கத்தில் அரிசி குடோன் இருக்கிறது. பரவாயில்லையா?

செங்குன்றம் பக்கம் இது வழக்கமான கேள்வி. நடுச்சுவர் கூரைவரை முழுதாக எழும்பியிருக்க வேண்டும். பாதியில் நிற்கும் சுவருக்கு மேலே ஆவியும் எலியும் தாராளமாகப் போகும். தூக்கும் ஆட்கள், டிராலி, தார்ப்பாய், லாரி எல்லாம் தனித்தனி. பூச்சிமருந்தை உணவுப் பொருளோடு ஒரே லாரியில் ஏற்றுவது விதிமீறல். மருந்து இறக்கிய லாரி அப்படியே அரிசி ஏற்றப் போகிறதா என்பதையும் ஆய்வாளர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

சுமை தூக்குபவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

கை கழுவச் சோப்பும் தண்ணீரும், சட்டை மாற்ற இடமும், சாப்பிடக் குடோனுக்கு வெளியே இடமும் கொடுங்கள். பான்பராக், பீடி உள்ளே கூடாது, ஏனென்றால் மருந்து விரலிலிருந்து வாய்க்குப் போவது அந்த வழியில்தான். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகளைத் தினமும் தொடுபவர்களுக்கு வேலைக்குச் சேரும்போதே ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்துகள் முடக்கும் நொதி) அளவை எடுத்து வையுங்கள். பிறகு எடுக்கும் அளவு அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். முதல் அளவு இல்லாமல் பிறகு எடுக்கும் பரிசோதனைக்குப் பாதிப் பயன்தான்.

அறிக்கையில் குறைகள் இருந்தால் அது அரசுக்குப் போகுமா?

நீங்கள் அழைத்தவர் உங்களுக்குத்தான் எழுதித் தருகிறார். ஆனால் எழுத்தில் வந்த குறையைச் சரிசெய்யாமல் கோப்பில் பூட்டி வைத்து, பிறகு விபத்து நடந்தால், 'தெரிந்தும் விட்டார்' என்பதற்கு அந்த அறிக்கையே சாட்சி. குறைகளை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: இன்றே, ஒரு மாதத்துக்குள், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதி, முடிந்ததும் போட்டோ ஒட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆய்வாளர் அரை நாள் வந்து சரிபார்க்க வேண்டும் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

எத்தனை முறை செய்ய வேண்டும்?

வெளியாள் ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை உங்கள் மேலாளரே அரை மணி நேரம் நடந்து பார்த்தால் போதும். புதிய வகைச் சரக்கு வந்தாலோ, தண்ணீர் ஏறி வடிந்தாலோ உடனே மறுபடி செய்ய வேண்டும்.

குடோனைக் காலி செய்யும்போதும் ஆய்வு வேண்டுமா?

வேண்டும், யாரும் செய்வதில்லை. அடுத்து வாடகைக்கு வருபவர் அரிசியோ பருப்போ வைக்கலாம். கறை படிந்த சிமென்ட் பூச்சைச் சுரண்டி எடுத்துக் கழிவாக அனுப்புங்கள். கழுவிய தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள், வடிகாலில் விடாதீர்கள். எந்தெந்தச் சரக்கு எங்கே இருந்தது என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.